வண்டி போன தடம்: இங்கிலாந்தின் மண்பாதைகளும் ஒரு பைக் கிளப்பின் போராட்டமும்

ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்புக்கும் ஒரு கவுண்டி கவுன்சிலுக்கும் சண்டை. விஷயம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போகிறது. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்கள் முன்னால் இருந்த கேள்வி என்ன தெரியுமா? வேகம் பற்றியதல்ல, சத்தம் பற்றியதல்ல, விபத்து பற்றியதும் அல்ல. சிறிய அளவில் தயாரான ஒரு வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்தால், அது பெரிய அளவில் "வரையப்பட்ட" வரைபடம் ஆகுமா, ஆகாதா?

2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆகும் என்றார்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேர் அதற்கு உடன்படவில்லை.

கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் ஐந்து கிராமப்புறப் பாதைகளின் தலையெழுத்து இருந்தது. அங்கே பைக் ஓட்டும் உரிமை ஒருவேளை நூறு, இருநூறு வருடம் பழையதாக இருக்கலாம். ஆனால் அது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதை ஒரு பிரிண்டர்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது! அந்தக் கிளப்பின் பெயர் ட்ரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப். சுருக்கமாக டி.ஆர்.எஃப். இது அதன் கதை.

தார் வருவதற்கு முன்னால்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். இவர்கள் காட்டுக்குள் புகுந்து இஷ்டத்துக்கு ஓட்டுகிறவர்கள் அல்ல. பிரிட்டனில் அப்படி ஓட்ட முடியாது. சாலை இல்லாத நிலத்திலும், நடைபாதையிலும், குதிரைப்பாதையிலும் அனுமதி இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டுவது 1930-ம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே குற்றமாக்கப்பட்டுவிட்டது. டி.ஆர்.எஃப். ஓட்டுவது சாலையில்தான். ஒரே வித்தியாசம், அந்தச் சாலைகளில் தார் கிடையாது. மண்ணும் கல்லும் புல்லும்தான். இரண்டு பக்கமும் வேலிப்புதர். மக்கள் அதைக் 'கிரீன் லேன்' என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்பது வேறு கதை.

இந்தப் பாதைகள் எங்கிருந்து வந்தன? சில ரோமானியர் காலத்துச் சாலைகள். சில, வேல்ஸ் பகுதியிலிருந்து லண்டன் சந்தைக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போன வழிகள். சில, பொதி சுமந்த குதிரைகள் போன வழிகள். இன்னும் சில, 18, 19-ம் நூற்றாண்டுகளில் பொது நிலங்களை வேலி போட்டுப் பிரித்தபோது அதிகாரிகள் அளந்து விட்ட பொதுச் சாலைகள். 1801-ம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட பொது வண்டிச்சாலை குறைந்தது 30 அடி அகலம் இருக்க வேண்டும் என்றே சொன்னது.

அப்புறம் ரயில் வந்தது. மாடு ஓட்டும் தொழில் போனது. 1902-ல் எட்கர் ஹூலி என்பவர் தார்க்கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக, முக்கியமான சாலைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தார் போட்டார்கள். எந்தச் சாலையில் போக்குவரத்து குறைவோ, அது அப்படியே மண்ணாக நின்றுவிட்டது. அதாவது கிரீன் லேன் என்பது தனி வகைப் பாதை அல்ல. தார் போட மறந்துபோன சாலை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து பைக்காரர்களுக்கு மண்சாலை என்பது விசேஷமே அல்ல. நாட்டுப்புறத்துச் சாலைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. 1913-ல் கார்லைல் நகரில் நடந்த முதல் சர்வதேச ஆறு நாள் பைக் போட்டியும், 1914-ல் யார்க்ஷயரில் தொடங்கிய ஸ்காட் ட்ரையலும் அந்தச் சூழலில் பிறந்தவைதான்.

ஆங்கிலேயர் சட்டத்தில் ஒரு பழைய கொள்கை உண்டு. ஒரு வழி ஒருமுறை பொதுச் சாலை ஆகிவிட்டால் அது என்றைக்கும் பொதுச் சாலைதான். யாரும் நடக்காமல் புல் முளைத்தாலும் சரி, நூறு வருடம் வண்டி போகாவிட்டாலும் சரி, முறைப்படி மூடினால் தவிர உரிமை போகாது. அதோடு இன்னொன்று. குதிரை வண்டி போக உரிமை உள்ள சாலையில், பின்னால் வந்த மோட்டார் வண்டியும் போகலாம். வண்டி என்றால் வண்டிதான், இழுப்பது குதிரையா எஞ்சினா என்பது பிரச்சினை அல்ல.

இந்த இரண்டு கொள்கைகளின் மேல்தான் டி.ஆர்.எஃப். நின்றது. முதல் கொள்கையில் பிரச்சினை இல்லை. இரண்டாவதில்தான் வந்தது வினை.

நடந்தவர்கள் போட்ட சண்டை

பைக் கதைக்கு நடுவில் நடைக்காரர்கள் கதை எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

1932 ஏப்ரல் 24. பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலை. பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக வைத்திருந்த நிலம், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்களைச் சேர்ந்த இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக அந்த மலைக்கு ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. காவலாளிகளோடு தள்ளுமுள்ளு நடந்தது. ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்த அத்துமீறல் நாட்டையே பேச வைத்தது. போருக்குப் பிறகு வந்த தொழிற்கட்சி அரசு 1949-ல் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுகல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1951-ல் முதல் தேசியப் பூங்காவாக ஆனது எது? அதே பீக் டிஸ்ட்ரிக்ட்தான்.

இந்தச் சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. ஒவ்வொரு கவுண்டி கவுன்சிலும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளையெல்லாம் கணக்கெடுத்து ஓர் 'உறுதி வரைபடம்' தயாரிக்க வேண்டும். அதில் ஒரு பாதை ஏறிவிட்டால், அந்த உரிமைக்கு அதுவே சட்டப்படி முடிவான சாட்சி. நிலத்துக்காரர் வந்து இங்கே பாதையே இல்லை என்று சொல்ல முடியாது. நடைக்காரர்களுக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் கணக்கெடுப்பு நடந்தது நடப்பவர்கள் கண்ணோட்டத்தில். நடைபாதை, குதிரைப்பாதை இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு வகை வைத்தார்கள்: 'பொதுப் பாதையாகப் பயன்படும் சாலை'. இதன் ஆங்கிலச் சுருக்கம் 'ரப்'. பார்த்தால் சாலை போல இருக்கிறது, ஆனால் நடக்கிறவர்களும் குதிரைக்காரர்களும்தான் அதிகம் போகிறார்கள் என்றால் அது ரப். அங்கே வண்டி ஓட்ட உரிமை உண்டா? வரைபடம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை!

அடுத்த ஐம்பது வருடச் சண்டைக்கும் விதை இந்த மௌனம்தான்.

கிளப் பிறந்த கதை

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1968-ல் நாட்டுப்புறச் சட்டம் வந்தது. எல்லா ரப் பாதைகளையும் மறுபரிசீலனை செய்து மூன்றில் ஒன்றில் போட வேண்டும். நடைபாதை, அல்லது குதிரைப்பாதை, அல்லது எல்லா வகைப் போக்குவரத்துக்கும் திறந்த பாதை. இந்த மூன்றாவதன் ஆங்கிலச் சுருக்கம் 'போட்'. (படகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

எப்படி முடிவு செய்வது? வண்டி உரிமை இருந்ததாக நிரூபணம் ஆகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பாதை அதன் அகலம், நிலைமையை வைத்துப் பார்த்தால் வண்டிகளுக்கு ஏற்றதா என்றும் பார்க்கச் சொன்னார்கள். இதன் அர்த்தம் என்ன? உரிமை இருக்கலாம், ஆனாலும் பாதை பொருத்தமில்லை என்று சொல்லி வண்டி உரிமையை எடுத்துவிடலாம்.

இந்தப் பின்னணியில்தான் 1970-ல் ட்ரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப் உருவானது. போட்டி நடத்துவதற்கோ கோப்பை கொடுப்பதற்கோ தொடங்கிய கிளப் அல்ல. மண்பாதைகளில் பைக் ஓட்டும் உரிமையைக் காப்பாற்றுவதே அதன் வேலை. ஊர் ஊராகக் குழுக்கள். நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் உள்ள, சாலையில் ஓட்டத் தகுதியான பைக் மட்டும். சின்னக் கூட்டமாகப் போக வேண்டும். குதிரை எதிரே வந்தால் நிறுத்த வேண்டும். சத்தம் குறைவாக இருக்க வேண்டும். இதெல்லாம் அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதிகள்.

அடுத்த திருப்பம் 1981-ல். வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் என்ற பெயரில் வந்த சட்டம், பாதைகளுக்கும் புது விதி வைத்தது. 'பொருத்தமா' என்ற கேள்வி போனது. இனிமேல் ஒரே கேள்வி, உரிமை இருந்ததா இல்லையா. இன்னும் முக்கியமாக, வரைபடத்தில் தவறு இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, நிலம் வைத்திருக்க வேண்டியதில்லை. கையில் ஆதாரம் இருந்தால் போதும்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஆவணக் காப்பகத்துக்கு

ஆதாரம் என்றால் என்ன? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பைக் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் பழைய காகிதம் படிக்க உட்கார வேண்டியதாயிற்று.

முதலில், பொது நிலங்களைப் பிரித்தபோது எழுதிய உத்தரவுகள். எந்தச் சாலை பொதுச் சாலை, எத்தனை அடி என்று அதில் இருக்கும். அடுத்து, 1836-ம் ஆண்டுச் சட்டப்படி தேவாலய வரியைப் பணமாக மாற்றியபோது கிராமம் கிராமமாக வரைந்த வரைபடங்கள். அடுத்து, 19-ம் நூற்றாண்டு ரயில் கம்பெனிகள் கொடுத்த திட்டங்கள். தண்டவாளம் ஒரு பொது வண்டிச்சாலையைக் கடந்தால் பாலமோ கேட்டோ முறைப்படி கட்ட வேண்டும். செலவு ஜாஸ்தி. அதனால் எது பொதுச் சாலை என்று கம்பெனிக்காரர்கள் கவனமாகப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று வணிகவியல் மாணவர்களுக்குப் பிடிக்கும். 1910-ல் லாய்ட் ஜார்ஜ் நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட்டார். அதற்காக நாடு முழுவதும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு சொத்துக்கும் எண் கொடுத்து, வரைபடத்தில் வண்ணம் அடித்தார்கள். பொதுச் சாலைகளுக்கு வரி இல்லை, ஆகவே வண்ணமும் இல்லை. இரண்டு பக்கமும் வண்ணம் அடித்து நடுவில் ஒரு பாதை வெள்ளையாக விடப்பட்டிருந்தால், அது பொதுச் சாலையாக இருந்திருக்கலாம் என்பதற்கு நல்ல சாட்சி. அந்த வரி சில வருடங்களிலேயே ரத்தாகிவிட்டது. வரைபடங்கள் மட்டும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரி வசூலிக்க வரைந்த படம், பல காலம் கழித்து பைக் ஓட்டும் உரிமைக்குச் சாட்சி சொல்கிறது!

இப்படி ஒவ்வொரு பாதைக்கும் மூன்று நான்கு ஆதாரங்களைத் தேடிச் சேர்த்து, விண்ணப்பம் எழுதி, கவுன்சிலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதமல்ல, பல சமயம் வருடக்கணக்கில்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

1990-களில் நான்கு சக்கர ஜீப் வகை வண்டிகள் பெருகின. மழைக்காலத்தில் ஈர மண்ணில் கனமான வண்டிகள் போனால் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும். அப்புறம் அங்கே நடக்க முடியாது, குதிரையும் போக முடியாது. அமைதிக்காக நகரத்திலிருந்து வந்தவருக்கு எஞ்சின் சத்தம் எரிச்சல். நம்பர் பிளேட் இல்லாத பைக்குகளில் உரிமையே இல்லாத இடங்களில் ஓட்டியவர்களும் இருந்தார்கள். விதிப்படி ஓட்டுகிற கிளப்காரருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சத்தம் ஒன்றுதானே?

இதோடு ஒரு தர்க்கக் கேள்வியையும் எழுப்பினார்கள். 1750-ல் ஒரு விவசாயி மாட்டு வண்டி ஓட்டினார் என்பதற்காக, இன்று மோட்டார் பைக் ஓட்ட உரிமை வந்துவிடுமா? அந்த விவசாயியோ அந்த நிலத்துக்காரரோ இப்படி ஒன்றைக் கனவிலாவது நினைத்திருப்பார்களா? நியாயமான கேள்விதான். டி.ஆர்.எஃப். தரப்பின் பதிலும் எளிமையானது. தார் போட்ட சாலைகளும் மாட்டு வண்டிக் காலத்தில் பிறந்தவைதானே? அங்கே மட்டும் யாரும் ஏன் இதைக் கேட்பதில்லை?

2006 மே 2

அரசு கேட்டுக்கொண்டது எதிர்த்தரப்பின் வாதத்தைத்தான்.

முதல் அடி 2000-ல். அந்த ஆண்டு வந்த சட்டம், மிச்சம் இருந்த ரப் பாதைகளை மொத்தமாக 'கட்டுப்பாடுள்ள கிளைவழி' என்ற புது வகையில் போட்டது. நடக்கலாம், குதிரை ஓட்டலாம், சைக்கிள் விடலாம், குதிரை வண்டியும் போகலாம். மோட்டாருக்கு மட்டும் இடமில்லை. ஆனால் பழைய மோட்டார் உரிமை இருந்ததாக ஆதாரத்தோடு நிரூபித்தால் வரைபடத்தைத் திருத்தலாம் என்ற வழி திறந்தே இருந்தது.

2003 டிசம்பரில் அரசு அந்த வழியையும் மூடும் யோசனையை வெளியிட்டது. செய்தி தெரிந்ததும் என்ன நடக்கும்? ஆதாரம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவசர அவசரமாக விண்ணப்பம் எழுதினார்கள். 2006-ல் சட்டம் வந்தது. இயற்கைச் சூழல் மற்றும் கிராமப்புறச் சமுதாயங்கள் சட்டம் என்று நீளமான பெயர். அதன் 67-வது பிரிவு இங்கிலாந்தில் 2006 மே 2 அன்று அமலுக்கு வந்தது. அன்று வரை வரைபடத்தில் மோட்டார் உரிமையோடு பதிவாகாத பாதைகளில் அந்த உரிமை ஒரே நாளில் செத்தது. பாதை மூடப்படவில்லை. மோட்டாருக்கான உரிமை மட்டும் போனது.

சில விதிவிலக்குகள் இருந்தன. முந்தைய ஐந்து வருடங்களில் பொதுமக்கள் அந்தப் பாதையை முக்கியமாக மோட்டார் வண்டிக்கே பயன்படுத்தியிருந்தால் உரிமை பிழைக்கும். அந்த வரைபடத்தில் எங்கும் இல்லாமல், கவுன்சில் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலில் இருந்தால் பிழைக்கும். 1930 டிசம்பருக்கு முன்பே மோட்டார் ஓடி, அதனாலேயே உருவான பாதை என்றால் பிழைக்கும்.

இன்னொரு விதிவிலக்குதான் நம் கதைக்கு முக்கியம். இங்கிலாந்தில் 2005 ஜனவரி 20-க்கு முன்னால் விண்ணப்பம் கொடுத்திருந்தால் அந்தப் பாதைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டம் நிறைவேறுவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முந்தைய தேதி! அவசரத்தில் வந்து குவியும் விண்ணப்பங்களைத் தடுக்கவே இப்படிப் பின்தேதி போட்டார்கள். கூடவே ஒரு சின்ன வரி. விண்ணப்பம் 1981-ம் ஆண்டுச் சட்டத்தின் விதிப்படி கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

செராக்ஸ் இணைக்காத விண்ணப்பம்

விதி என்ன சொன்னது? விண்ணப்பத்தோடு இரண்டு சமாச்சாரங்கள் இணைக்க வேண்டும். ஒன்று, குறிப்பிட்ட அளவில் வரையப்பட்ட வரைபடம். இரண்டு, ஆதார ஆவணங்களின் நகல்கள். இருபது வருடமாக இதை யாரும் கறாராகப் பார்த்ததில்லை. ஆதாரம் இந்தக் காப்பகத்தில் இந்த எண்ணில் இருக்கிறது என்று பட்டியல் மட்டும் கொடுத்தாலும் பல கவுன்சில்கள் வாங்கி வைத்துக்கொண்டன.

2008-ல் வின்செஸ்டர் கல்லூரி வழக்கில் அந்தப் பழக்கம் முடிவுக்கு வந்தது. ஹாம்ப்ஷயரில் சீஸ்ஃபுட் ஹெட் பக்கத்தில் உள்ள பாதைகள் பற்றிய வழக்கு. ஆதாரங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள், நகல் இணைக்கவில்லை. விதிப்படி இல்லாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆதாரம் பலமா பலவீனமா என்ற கேள்விக்கே போகவில்லை. உரிமை போனது போனதுதான். இதே குறை இருந்த மற்ற விண்ணப்பங்களுக்கும் ஆபத்து வந்தது.

டார்செட்டின் ஐந்து பாதைகள்

இப்போது ஆரம்பத்தில் பார்த்த வழக்குக்கு வருவோம்.

2004-ல் டார்செட் கவுண்டியில் ஒரு உள்ளூர் அமைப்பின் சார்பில் விண்ணப்பங்கள் கொடுத்தார்கள். கெடு தேதிக்கு முன்பே கொடுத்தாயிற்று. வரைபடமும் இருந்தது. விதி கேட்ட அளவு 1:25,000-க்குக் குறையாமல், அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 250 மீட்டர். கொடுத்த படங்களை ஸ்கேல் வைத்து அளந்தால் அளவு சரியாக இருந்தது. ஆனால் அவை 1:50,000 அளவில் தயாரான அரசு வரைபடத்தைக் கம்ப்யூட்டர் மென்பொருளில் பெரிதாக்கி எடுத்த பிரிண்ட்.

2010-ல் கவுன்சில் விண்ணப்பங்களை நிராகரித்தது. வாதம் இதுதான். 1:25,000 வரைபடத்தில் வயல் வரப்பு, வேலி எல்லாம் தெரியும். 1:50,000-ல் அது கிடையாது. சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் படம் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. ஆகவே அது அந்த அளவில் 'வரையப்பட்ட' படம் அல்ல.

டி.ஆர்.எஃப். வழக்குக்குப் போனது. உயர் நீதிமன்றத்தில் 2012-ல் தோல்வி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2013-ல் வெற்றி. கவுன்சில் விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2015 மார்ச் 18 அன்று கவுன்சிலின் முறையீடு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளுபடியானது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாலும், அளவு சரியாக இருந்து பாதை அடையாளம் தெரிந்தால் போதும் என்பது பெரும்பான்மையின் கருத்து.

வெற்றிதான். ஆனால் எதில் வெற்றி என்று கவனியுங்கள். அந்த ஐந்து பாதைகளில் பைக் ஓட்டலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விண்ணப்பம் செல்லும், அதை எடுத்துப் பரிசீலியுங்கள் என்றுதான் சொன்னது. 2004-ல் கொடுத்த விண்ணப்பம் 2015-ல்தான் விண்ணப்பம் என்ற அந்தஸ்தைப் பெற்றது! உண்மையான கேள்வி, அதாவது அந்தக் காலத்தில் அங்கே வண்டி உரிமை இருந்ததா என்பது, அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

மலையின் இரண்டு பக்கமும்

2006-ம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்கா நிர்வாகங்களுக்கு இன்னொரு அதிகாரமும் கொடுத்தது. மோட்டார் உரிமை இருக்கிற பாதையிலும்கூட போக்குவரத்துத் தடை ஆணை போடலாம். பீக் டிஸ்ட்ரிக்ட் நிர்வாகம் அதைப் பயன்படுத்தி லாங் காஸ்வே, ராய்ச், சேப்பல் கேட் ஆகிய பாதைகளில் மோட்டார் வண்டிகளைத் தடுத்தது. இதில் சேப்பல் கேட் எங்கே இருக்கிறது தெரியுமா? ஈடேல் பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில். பள்ளத்தாக்கின் மறுபக்கம், 1932-ல் இளைஞர்கள் அத்துமீறி ஏறிய அதே கிண்டர் மலை.

வரலாறு சில சமயம் இப்படி விளையாடும். நிலம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற போராட்டத்தில் பிறந்தது தேசியப் பூங்கா. அதே பூங்கா இன்னொரு கூட்டத்துக்குக் கதவைச் சாத்துகிறது. நடப்பவருக்கு அது பாதுகாப்பு, ஓட்டுபவருக்கு அது இழப்பு. இரண்டு பேருக்கும் பிடித்தது அதே மலை, அதே பாதை.

மொத்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் வரைபடங்களில் பதிவான பொதுப் பாதைகள் சுமார் 1,88,000 கிலோமீட்டர். அதில் மோட்டாருக்கும் திறந்த 'போட்' வகைப் பாதை சுமார் 3,700 கிலோமீட்டர். நூற்றுக்கு இரண்டு. தெருப் பட்டியலில் இருக்கும் மண்சாலைகள் தனி. 1970-லிருந்து இத்தனை வருடம் காப்பகத்திலும் கோர்ட்டிலும் நின்று ஒரு கிளப் காப்பாற்றப் பார்த்தது இதைத்தான்.

கணக்கில் ஏறாத சொத்து

நிலத்தில் உள்ள உரிமை போகிறது என்றால், யாரோ ஆள்பலத்தோடு வந்து வேலி போடுகிற காட்சிதான் நம் மனதில் வரும். டி.ஆர்.எஃப். கதையில் அப்படி ஒரு காட்சியே இல்லை. 1949-ல் மௌனமாக இருந்த ஒரு வரைபடம், பின்தேதி போட்ட ஒரு கெடு, இணைக்காத ஒரு நகல், இவைதான் பாதைகளைக் கொண்டுபோனவை. திரும்பக் கிடைத்தவையும் அதே வழியில்தான் கிடைத்தன. பழைய வரி வரைபடத்தில் வண்ணம் படாத ஒரு வெள்ளைக் கோடு, ஸ்கேல் வைத்து அளந்த ஒரு பிரிண்ட்.

வணிகவியலில் ஒரு பாலபாடம் உண்டு. சொத்து இருந்தால் மட்டும் போதாது, புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாத சொத்து இருக்கிறது என்று சொந்தக்காரருக்குத் தெரியும், ஆனால் ஐந்தொகைக்குத் தெரியாது. எல்லாரும் போய்வரும் பாதையும் அப்படித்தான். போய்வரும் வரைக்கும் யாரும் எழுதி வைப்பதில்லை. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பொதுவான ஒன்றை எழுதி வைப்பது யார் வேலை?

எழுதி வைக்கும் நேரத்தில் யார் கையில் பேனா இருக்கிறதோ, அவர்கள் எப்படிப் போய்வந்தார்களோ அப்படித்தான் பாதையும் பதிவாகும். 1950-களில் கணக்கெடுப்பில் நடப்பவர்கள் முன்னால் நின்றார்கள், நடைபாதைகள் தெளிவாகப் பதிவாயின. பைக்காரர்கள் ஒன்றுசேர்ந்தது 1970-ல். அந்த இருபது வருடத் தாமதத்துக்கான விலையைத்தான் அவர்கள் 2006-லும் 2015-லும் கொடுத்தார்கள்.